இங்கர் வைக்காத கையெழுத்து

"இதிலை நான் கையெழுத்து வைக்கமாட்டன்" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார் இங்கர்.

அருமைநாயகிக்கு நம்ப முடியவில்லை. எண்பத்திரண்டு வயது வெள்ளைக்கார மூதாட்டி இங்கரைக் குளிக்க வார்க்க, கொம்யூன் என்கிற நகரசபை அனுப்புகிற பராமரிப்பாளர் அவள். போன மாதம் அவள் பிறந்த நாட்டில் சண்டை முடிந்து, தமிழ்ச் சனத்தை முள்ளுக்கம்பி முகாமுக்குள் அடைத்தபோது, அவர்களை விடச் சொல்லி அவள் ஒரு மனு கொண்டுவந்தாள். முதல் கையெழுத்தே இங்கருடையதுதான்.

இது வேறு மனு. குற்றம் செய்து பிடிபடும் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளை வைத்திருக்க, நகர எல்லையில் பூட்டிய இல்லம் ஒன்று கட்டப்போகிறார்கள். அந்தச் செலவுக்காக முதியவர்களின் வீட்டு உதவியில் கை வைக்கப்போகிறது கொம்யூன்.

"உங்களுக்குக் குளிப்பு கிழமைக்கு ஒருக்கா எண்டு வந்திடும், தெரியுமே?"

"தெரியும்."

"எனக்கு வேலையே போகலாம்."

இங்கர் அவளுடைய கையைப் பிடித்தார். "வீட்டு உதவியை வெட்டாதேங்கோ எண்டு எழுதிக்கொண்டு வா. உடனை வைக்கிறன். அந்தப் பிள்ளையளுக்கு இடம் குடாதேங்கோ எண்டு எழுதாதை."

வீட்டுக்கு வந்து கணவன் பாலேந்திராவிடம் சொன்னாள்.

"கிழவிக்கு வயது போய் அறளை பேந்திட்டுது. இல்லாட்டி, அவவின்ரை பேரன் ஆரும் உள்ளுக்கை இருப்பான்."

"அவவுக்குப் பிள்ளையளே இல்லையப்பா."

"அப்ப, கட்டுறதுக்குத் தன்ரை காணியை விக்கப்போறா."

"அவ வாடகை வீட்டிலை இருக்கிறா!"



வியாழக்கிழமை பொதுக்கூட்டம். மண்டபத்தில் நிற்கக்கூட இடமில்லை. "கள்ளப் பொடியளுக்கு எங்கடை வரிக்காசிலை மாளிகையோ?" என்று ஒருவர் கத்த, எல்லோரும் கைதட்டினார்கள். அருமைநாயகியும் தட்டினாள்.

இங்கர் நடைவண்டியைப் பிடித்தபடி எழும்பினார்.

"இடமில்லை எண்டு பதினைஞ்சு வயதுப் பிள்ளையைப் பெரியாக்களோடை சிறையிலை போடுகினம். நான் ஒருக்காக் குறையக் குளிச்சால் செத்துப்போகமாட்டன். கட்டுங்கோ."

ஒருவரும் கைதட்டவில்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

கூட்டம் முடிந்து அருமைநாயகிதான் அவரை வெளியே கூட்டிவந்தாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அந்தப் பொடியளிலை ஆரையும் உங்களுக்குத் தெரியுமே?"

"தெரியாது. எண்பத்தாறாம் ஆண்டிலையும் எனக்கு ஒருத்தரையும் தெரியாது."

"எண்பத்தாறிலையோ?"

"இந்த ஊரிலை ஒரு பழைய விடுதியைத் திருத்திக் கொஞ்ச இளம் பொடியளைக் குடிவைக்கப் பார்த்தவை. ஊருக்கு ஆபத்து, காசுக்குக் கேடு எண்டு ஐந்நூறு பேர் கையெழுத்து வைச்சவை. கடைசியிலை வந்து இறங்கினது, பனிக்குள்ளை செருப்போடை நடுங்கிக்கொண்டு நிண்ட தமிழ்ப் பொடியள்."

அருமைநாயகி நின்றுவிட்டாள். அந்த விடுதியில் வந்து இறங்கியதைப் பற்றிப் பாலேந்திரா சொல்லியிருக்கிறான். அப்போது அவனுக்கு வயது பத்தொன்பது.

"அப்பவும் நீங்கள் ஒராள்தான் கையெழுத்து வைக்கேல்லை, என்ன?"

"இல்லை, அருமை" என்றார் இங்கர். "அந்தத் தாளைக் கொண்டு வீடு வீடாப் போனதே நான்தான்."