வக்கீலம்மாவின் கை

நூற்பாலை இயந்திரம் மாடத்தியின் வலது கையை முழங்கைவரை தின்றுவிட்டது. ஆனால் இப்போதெல்லாம் நீதிமன்றம் காயத்தைப் பார்ப்பதில்லை. நெற்றியில் பட்டையைக் கட்டி, வலியைச் சுவரில் எண்ணாகப் பார்க்கிறது. தீர்ப்பு எழுதும் நேரத்தில் எண் எழுபதுக்குக் கீழே இருந்தால் வழக்கு தள்ளுபடி.

அதனால்தான் முந்தின நாளிலிருந்தே மாத்திரை போட வேண்டாமென்று வக்கீல் எஸ்தர் சொல்லியிருந்தாள். அடிபட்டவர்களுக்காகவே கறுப்பு அங்கி போட்டவளுக்கு அதைச் சொல்ல நா கூசியது.

மாடத்தி முந்தானையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுவரில் எழுபத்திரண்டு. எஸ்தருக்குப் பொறுக்கவில்லை, மாடத்தியின் முதுகைத் தடவிக் கொடுத்தாள். எண் அறுபத்தைந்துக்கு இறங்கியது. நீதிபதி பேனாவை எடுத்தார்.

"கைய எடுங்கம்மா," என்றாள் மாடத்தி தாழ்ந்த குரலில்.

எஸ்தர் எடுத்தாள். அறுபத்தெட்டு.

"பக்கத்துலயும் இருக்காதீங்க. நீங்க இருக்கீங்கன்னு நெனச்சாலே வலி அமந்துருது. வெளிய போயிருங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

எஸ்தர் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். வாசலைத் தாண்டும்போது, அவள் முதுகுக்குப் பின்னால் டவாலி எண்ணை உரக்கப் படித்தார்.

"எழுபத்தொன்பது."