பத்தாவது கேள்வி

“என்னங்க, எந்திரிங்க! அந்த ஐஸ்காரன் நம்ம சிம்லாவைத் தூக்கிட்டுப் போறான்!”

ராதாமணி போட்ட சத்தத்தில் ராஜாராம் கட்டிலிலிருந்து குதித்தார். மதியம் ஒன்றரை மணி. ஏ.சி. அறைக் கதவைத் திறந்ததும் கத்திரி வெயில் முகத்தில் அறைந்தது.

“யாரு, மருதுவா?”

“அவனேதான். தண்ணி குடிக்க எந்திரிச்சவ ஜன்னல் வழியாப் பாத்தேன். கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு நின்னு, ‘வா தாயி’ங்குறான். இதுவும் வாலை ஆட்டிக்கிட்டே அவன் கையில ஏறுது!”

சிம்லா ஒரு சைபீரியன் ஹஸ்கி. பனியில் வண்டி இழுக்கிற ஜாதி. நீலக் கண், மெத்தை மாதிரி ரோமம். ராதாமணியின் தம்பி ராஜேஷ்குமார் பெங்களூரிலிருந்து கொண்டுவந்து விட்டுப் போயிருந்தான். “பத்து நாள் வச்சுப் பாருங்க மாமா. மதுரை வெயிலு ஒத்துக்கிச்சுன்னா உங்களுக்கே. இல்லேன்னா ஊட்டியில ஒரு ஃப்ரெண்டு கேட்டிருக்கான்” என்று சொல்லியிருந்தான்.

அன்றிலிருந்து வீட்டில் யாருக்கும் கால் தரையில் பாவவில்லை. வில்லாபுரத்தில் அந்தத் தெருவே வந்து எட்டிப் பார்த்தது. “ஓநாயாண்ணே?” என்று கேட்டவர்களுக்கெல்லாம் ராஜாராம் நின்று விளக்கம் சொன்னார். வீட்டுக்குள் பேசுவது சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், சிம்லாவிடம் மட்டும் மூன்று பேரும் இங்கிலீஷ்.

மகள் ஸ்ரீவர்ஷினி பிரவுசிங் சென்டருக்கு ஓடினாள். ‘இந்த நாய் உங்கள் வீட்டுக்குப் பொருந்துமா?’ என்று பத்துக் கேள்விகளைப் பிரிண்ட் எடுத்து வந்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள்.

தினமும் நடக்கக் கூட்டிப் போவீர்களா? டாக்டர் சொல்லியும் நடக்காத ராஜாராம், விடியற்காலையில் அவனியாபுரம் வரை நடந்தார். டிக். முடியைச் சீவி விடுவீர்களா? மகளுக்குப் பின்னிவிட நேரமில்லாத ராதாமணி சீவினாள். டிக். இப்படியே ஒன்பது டிக் விழுந்துவிட்டது.

பத்தாவது கேள்வி: வெயில் நேரத்தில் நாய் எங்கே இருக்கும்?

“இதுக்குன்னே ஏ.சி. போட்டிருக்கோம்ல, டிக் பண்ணும்மா!” என்றார் ராஜாராம்.

“கடைசி நாள்தான் பண்ணுவேன். அதுவரைக்கும் த்ரில்லா இருக்கட்டும்பா.”

ஏ.சி. போட்டது உண்மைதான். ஆனால் மெத்தையெல்லாம் முடி கொட்டுகிறதே! அதனால் சாப்பிட்டுவிட்டு மூன்று பேரும் படுக்கிற அந்த மூன்று மணி நேரம் மட்டும் சிம்லா கொல்லையில். அங்கே தண்ணீர்ச் சட்டி இருக்கிறது, முருங்கை நிழல் இருக்கிறது. அப்புறம் என்ன?

சிம்லாவும் ஜம்மென்றுதான் இருந்தது. நாலு மணிக்குக் கதவைத் திறந்தால் துள்ளிக்கொண்டு வந்து மேலே பாயும். வயிற்றைத் தொட்டால் ஜில்லென்றிருக்கும்.

“பாத்தியா, எல்லாம் நம்ம வீட்டு ராசி!” என்று ராஜாராம் பஜார் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

இன்று ஒன்பதாம் நாள். நாளைக்கு மச்சினனுக்குப் போன் போட்டு, ‘நாய் எங்களுக்கே’ என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. இந்த நேரத்தில் இப்படி ஒரு திருட்டு!

மூன்று பேரும் செருப்புகூடப் போடாமல் பின்சந்துக்கு ஓடினார்கள்.

“குட்டி போட வச்சு விக்கத்தான் பாக்குறான். அவன் முழியே சரியில்லேன்னு நான் அப்பவே சொன்னேன்ல” என்றாள் ராதாமணி. அப்படி அவள் எப்போதும் சொன்னதில்லை.

மருதுவின் ஐஸ் கடை, கல்யாண வீடுகளுக்கும் சர்பத் கடைகளுக்கும் ஐஸ் பார் வைத்திருக்கிற ஒரே ஒரு இருட்டறை. அவன் வாசல்படியில் வெயிலில் உட்கார்ந்திருந்தான். தலையில் ஈரத்துண்டு.

“டேய் மருது! எங்கடா எங்க நாயி?”

அவன் பதறி எழுந்து உதட்டில் விரலை வைத்தான். “மெல்லப் பேசுங்கண்ணே. இப்பத்தான் கண்ண மூடுது.”

ராஜாராம் அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

ஐஸ் பார்களை அடுக்கி, மேலே சாக்கு விரித்திருந்தது. அதன்மேல் நாலு காலையும் தூக்கிக்கொண்டு மல்லாந்து கிடந்தது சிம்லா. கடையில் இருந்தது ஒரே ஒரு டேபிள் ஃபேன். அதுவும் நாயைப் பார்த்துத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

“எத்தனை நாளா நடக்குது இது?” ராஜாராமின் குரல் இறங்கிவிட்டது.

“வந்த மறுநாள்லருந்துண்ணே. நாக்கு வெளிய தள்ளி, மண்ணைத் தோண்டி அதுல வயித்த வச்சுப் படுத்திருந்துச்சு. உங்க கதவ எம்புட்டோ தட்டிப் பாத்தேன். ஏ.சி. சத்தத்துல கேக்கல போல. மனசு தாங்காமத் தூக்கிட்டு வந்துட்டேன். தினமும் நீங்க எந்திரிக்கிறதுக்குள்ள திரும்பக் கொண்டாந்து விட்டுருவேன்.”

“அப்புறமாவது எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லத்தாண்ணே சாயங்காலம் வந்தேன். பாப்பா அந்தப் பேப்பரக் காட்டி, ‘எங்க வீடு பாஸாகப் போகுது’ன்னு அம்புட்டு சந்தோசமாக் குதிச்சுச்சு. அதக் கெடுக்க எனக்கு வாய் வரல.”

ராதாமணி தலையைக் குனிந்துகொண்டாள். ராஜாராமுக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஸ்ரீவர்ஷினி பேனாவை எடுத்தாள். வெயில் நேரத்தில் நாய் எங்கே இருக்கும் என்பதற்கு எதிரே, ‘மருது அண்ணன் கடையில்’ என்று எழுதினாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் எழுதியதை அடிக்கவில்லை.

ராஜாராம் அதைப் பார்த்துவிட்டுப் போனைச் சுழற்றினார். பெங்களூரில் ராஜேஷ்குமார் எடுத்தான்.

“என்ன மாமா, ஒரு நாள் முன்னாடியே போன்? நாயி பொருந்திருச்சா?”

“நீ ஊட்டிக்குச் சொல்லிரு மாப்ள. நாயி எங்களுக்கு நல்லாவே பொருந்திருச்சு. நாங்கதான் அதுக்குப் பொருந்தல.”