சிடுமூஞ்சி எக்ஸ்டர்னல்

சலவைச் சட்டைப் பையில் இரண்டு பேனா. மூக்கு நுனியில் கண்ணாடி. பார்த்தவுடனே ஸ்ரீலக்ஷ்மி ஆளைக் கண்டுகொண்டாள்.

"குட் மார்னிங் சார்" என்று கும்பிட்டாள்.

அவர் ஒரு நொடி திகைத்தார். பிறகு நிமிர்ந்து நின்று, "வா தாயி, மாட்டப் பாரு" என்றார்.

கால்நடை மருத்துவத்தில் நாலாம் வருஷத்தின் கடைசி பிராக்டிகல் அது. காலையில் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு எந்த மாடு வருகிறதோ, அதுதான் கேள்வித்தாள். வெளியூர்க் கல்லூரியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் பக்கத்தில் நின்று துளைத்தெடுப்பார்.

ஸ்ரீலக்ஷ்மி கே.கே. நகர் ஃபிளாட்டில் வளர்ந்தவள். பாலை பாக்கெட்டில் மட்டுமே பார்த்த குடும்பம். இதில் கோட்டை விட்டால் அதே வகுப்பில் இன்னொரு வருஷம். "மாட்டாஸ்பத்திரிப் படிப்பு நமக்கு எதுக்கு?" என்று சேர்ந்த அன்றே கேட்ட அப்பா சீதாராமன், அதை இன்னொரு வருஷம் கேட்பார்.

விடுதித் தோழி சுஷ்மா முந்தின நாளே எச்சரித்திருந்தாள். "சரியான சிடுமூஞ்சியாம்டி. விவசாயி மாதிரியே பேசி, விவசாயி மாதிரியே கேள்வி கேப்பாராம். ஏமாந்துராத!"

ஏமாறுகிற ஆளா ஸ்ரீலக்ஷ்மி?

மாட்டின் மூக்கணாங்கயிற்றை இன்னொருவர் பிடித்துக்கொண்டு நின்றார். கசங்கிய அரைக்கைச் சட்டை, சாணி தெறித்த ரப்பர் பூட்ஸ், மழிக்காத தாடி. மாட்டின் தாடைக்கடியில் இரண்டு விரலை வைத்தபடி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, சும்மா தடவிக்கிட்டே இருக்காதீங்கண்ணே. மாடு மிரளும். நான் பல்ஸ் பாக்கணும்ல?"

அவர் விரலை எடுத்துக்கொண்டார்.

"ஏப்பா, இறுக்கிப் பிடி. பாப்பாவ முட்டிறப் போகுது" என்று சலவைச் சட்டைக்காரரும் தன் பங்குக்கு ஓர் அதட்டல் போட்டார்.

வாலடியில் நாடி, வயிற்றில் ஸ்டெத், தெர்மாமீட்டர் என்று எல்லாம் முறைப்படி முடிந்தது. கேள்விகள் ஆரம்பமாயின.

"கன்னு போட்டு மூணு வாரம் ஆச்சு தாயி. புண்ணாக்கு வச்சா மோந்துகூடப் பாக்க மாட்டேங்குது. வைக்கோல மட்டும் திங்குது. பாலு பாதியாப் போச்சு. என்னான்னு சொல்லு பாப்பம்."

அடேயப்பா, என்ன நடிப்பு! அசல் விவசாயியே இவரிடம் தோற்றுப்போவான் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டாள். குனிந்து மாட்டின் வாயை முகர்ந்தாள். கனிந்து அழுகின பழம் மாதிரி இனிப்பு வாடை அடித்தது.

"கீட்டோசிஸ் சார். கறக்குற பாலுக்குத் தகுந்த தெம்பு உள்ள போகல. ரத்தத்துல சர்க்கரை கொறஞ்சுபோச்சு."

"அப்ப கருப்பட்டியக் கரைச்சு ஊத்திட்டா?"

கிடுக்கிப்பிடிக் கேள்வி! ஸ்ரீலக்ஷ்மி சிக்குவாளா? "சரியாகாது சார். அது வயித்துலயே புளிச்சுப்போயிரும். குளுக்கோஸ நரம்புலதான் ஏத்தணும். கிளிசரின் வாய்வழியாக் குடுக்கலாம்."

"எம்புட்டுக் குடுக்கணும்? எத்தன நாளைக்கு? தீனிய எப்பிடி மாத்தணும்?"

ஒன்று விடாமல் ஒப்பித்தாள். மனிதர் அதோடும் விடவில்லை. குளம்பைப் பார்க்கச் சொன்னார், கொம்படிப் புண்ணைக் காட்டினார், கன்றுக்கு எப்போது பூச்சி மருந்து கொடுக்க வேண்டும் என்று கேட்டார். பாடத்தில் ஓர் அத்தியாயமும் பாக்கியில்லை.

அவர் வெற்றிலை துப்ப ஓரமாகப் போனதும், கயிறு பிடித்தவரிடம் ஸ்ரீலக்ஷ்மி கிசுகிசுத்தாள்.

"சிடுமூஞ்சின்னு சொல்லி பயங்காட்டிட்டாங்கண்ணே. பாருங்க, தங்கமான மனுஷன்!"

"அப்பிடியா சொல்றாங்க?" என்றார் அவர்.

"காலேஜ் பூராம் அதே பேச்சுதான்."

சலவைச் சட்டைக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"ரெம்ப சந்தோசம் தாயி. வெளிய வண்டியில இன்னொரு மாடு நிக்கிது. அதையும் ஒரு எட்டு வந்து பாத்துரு."

ஸ்ரீலக்ஷ்மி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சார்... நீங்க...?"

"நானு பேரையூரு சோணைமுத்து. ரெண்டும் நம்ம மாடுதேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீ பாட்டுக்கு சாருன்ன, கும்பிட்ட. டவுனுல கெடச்ச மரியாதைய வேணாம்னா சொல்லுவாக?"

அவளுக்கு அழுகை முட்டியது. படித்த அத்தனையையும் ஒரு மாட்டுக்காரரிடம் கொட்டித் தீர்த்தாகிவிட்டது. இனி நிஜ சிடுமூஞ்சி வந்து முதலிலிருந்து ஆரம்பித்தால் நாக்கே புரளாது. வகுப்பு வாத்தியாரைத் தேடினாள். அவர் பக்கத்துக் கொட்டகையில் ஓர் எருமையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"எக்ஸ்டர்னல் சார் எங்க?" என்று சோணைமுத்துவிடமே கேட்டாள் பரிதாபமாக.

"எனக்கென்ன தாயி தெரியும்? நான் வரும்போது இந்தா, இந்த ஆளு மட்டுந்தேன் நின்னாரு. ஆஸ்பத்திரி ஆளு போலன்னு கயித்தக் கையில குடுத்தேன்."

ரப்பர் பூட்ஸ்காரர் தொண்டையைச் செருமினார்.

"இந்தக் கயித்தக் கொஞ்சம் பிடிம்மா, சிடுமூஞ்சி பாஸ் மார்க் போட வேணாமா?"