மீதி நடை

அவள் ஒரு காலை ஊன்றினாள். மற்றதை இழுத்தாள்.

முதல் இரண்டு நாள் அதற்கு நடப்பது என்று பெயர். மூன்றாம் நாளிலிருந்து கூட்டத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. இழுக்கிறோம் என்பார்கள்.

இன்று ஐந்தாம் நாள். தார் கொதித்தது.

தோளில் கிடந்த குழந்தை காலையெல்லாம் அழுதது. இப்போது அழவில்லை.

அவள் அதன் முதுகைத் தட்டிப் பார்த்தாள்.

போன வருடம் இதே ஜெனிட்டாவுக்குத்தான் மூளைக்காய்ச்சல். பிழைத்தால் வேளாங்கண்ணிக்குச் செருப்பில்லாமல், வண்டி ஏறாமல் வருகிறேன் என்று மாதாவிடம் நேர்ந்தாள்.

ஜெனிட்டா பிழைத்தாள்.

கோயிலுக்கு இன்னும் முப்பது கிலோமீட்டர். ஆஸ்பத்திரி பின்னால், திருவாரூரில்.

கூட்டத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வேன் பக்கத்தில் வந்து நின்றது. டிரைவர் கதவைத் திறந்து ஏறச் சொன்னார். அவள் மாட்டேன் என்று தலையசைத்தாள்.

ஏறினால் நேர்ச்சை முறியும்.

முறிந்தால், கொடுத்தவளே எடுத்துக்கொள்வாள்.

குழந்தையின் நெற்றியில் உதட்டை வைத்தாள். சுட்டது. இன்னும் ஓர் அடி இழுத்தாள்.

சற்று முன்னால் போய்க்கொண்டிருந்த சவரிநாதன் திரும்பி வந்தார். லால்குடியில் தையல் கடை வைத்திருப்பவர். இரண்டு பாதமும் கொப்புளம். இவர் போய்ச் சேர்வதற்குள் அடுத்த திருவிழாவுக்குக் கொடி ஏற்றிவிடுவார்கள் என்று வழியெல்லாம் அவரைத்தான் கேலி செய்தார்கள்.

அவர் அவளிடம் வாதாடவில்லை. மாதா கோபிக்க மாட்டாள் என்றுகூடச் சொல்லவில்லை.

“மிச்சத்த நான் இழுக்குறேன், தங்கச்சி. நீ ஏறு.”

அவள் அவருடைய கால்களைப் பார்த்தாள். உங்கள் நேர்ச்சையே இன்னும் முடியவில்லையே அண்ணே என்றாள்.

“இன்னைக்கு நடக்குறது என்னோடது. ஒன்னோடது அப்பறம், இதே எடத்துலேர்ந்து.”

குழந்தையை வாங்கிக்கொண்டார். அவள் ஏறி உட்கார்ந்த பிறகு மடியில் கிடத்தினார்.

வேன் திருவாரூர்ப் பக்கம் திரும்பியது. ஜெனிட்டா கண் திறக்கவில்லை. மூச்சு மட்டும் வேகமாக வந்தது.

அவள் பின் கண்ணாடி வழியே பார்த்தாள்.

சவரிநாதன் இன்னும் நடக்கத் தொடங்கவில்லை. அவள் கடைசியாகக் கால் வைத்த இடத்தில், வேலியோரம் நின்றிருந்தார். தன் காவித் துண்டின் ஓரத்தைக் கிழித்து ஒரு கிளையில் கட்டிக்கொண்டிருந்தார்.

கட்டியதை இழுத்துப் பார்த்தார்.

பிறகு இன்னொரு முடிச்சுப் போட்டார்.