சமமாக நின்ற தட்டு

தக்கையின் ஓரமாகக் காற்று கசியும் சத்தம் சதாசிவம் வாத்தியாருக்குக் கேட்டது.

போத்தலுக்குள், ரப்பர் பால் உறைய ஊற்றும் ஆசிட்டும் ஆப்பசோடாவும் சேர்ந்து நுரைத்துக்கொண்டிருந்தன.

சுங்கை சிப்புட் டவுன் கடையில் இரவல் வாங்கிய தராசு. ஒரு தட்டில் போத்தல், மறு தட்டில் அதற்குச் சரியான படிக்கற்கள்.

உள்ளே எது எதுவாக மாறினாலும், வாய் மூடிய போத்தலின் எடை குறையாது என்று சற்று முன்புதான் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தார்.

பக்கத்து நாற்காலியில் ரப்பர் தோட்டத்துத் துரை உட்கார்ந்திருந்தார். பால் வெட்டப் போகிற பிள்ளைகளுக்கு நாலாம் வகுப்பு எதற்கு என்பது அவர் கேள்வி. இந்தப் பாடத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக வந்திருந்தார்.

நுரை அடங்கியது. போத்தல் இருந்த தட்டு மெல்ல மேலே எழும்பியது.

காற்று கசிந்துவிட்டது, அதற்கும் எடை உண்டு என்று வாத்தியார் சொல்லியிருக்கலாம். அதுவும் பாடம்தான்.

ஆனால் துரை கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

வாத்தியார் எதையோ சரிசெய்பவர்போலக் குனிந்தார். துரைக்குத் தெரியாத பக்கமாகப் போத்தல் தட்டின் விளிம்பில் சுண்டுவிரலை வைத்து அழுத்தினார்.

இரண்டு தட்டும் சமமாக நின்றன.

துரைக்குத் திருப்தி. நாலாம் வகுப்பு நடக்கட்டும் என்று சொல்லிவிட்டு மோட்டாரில் ஏறிப் போனார்.

பிள்ளைகள் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாடம் விளங்கவில்லை போலும் என்று நினைத்த வாத்தியார், முன்வரிசையில் இருந்த ராக்காயியிடம் என்ன புரிந்தது என்று கேட்டார்.

அவள் எழுந்து வாசல் பக்கம் பார்த்தாள். மோட்டார் போய்விட்டிருந்தது.

"நாங்க யாருகிட்டயும் சொல்லமாட்டோம்யா."

வாத்தியார் அதோடு விட்டிருக்கலாம். எதை என்று கேட்டுவிட்டார்.

அவரைத் தேற்றுகிற குரலில்தான் அவள் சொன்னாள்.

"பால் நிறுக்கிற எடத்துல கணக்கெழுதுற கிராணி தட்டுல வெரல வச்சா, பாத்தும் பாக்காத மாதிரி நிக்கணும்னு ஆத்தா சொல்லியிருக்கு. எங்க எல்லாருக்கும் பழக்கந்தாங்கய்யா."

அவள் உட்கார்ந்தாள்.

பிள்ளைகள் தாங்களாகவே சிலேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அவர் நிமிர்ந்து பார்ப்பதற்காகக் காத்திருந்தார்கள்.