மூன்றாம் மாடிப் பால்கனி

கோட்டைமேட்டு வீட்டின் மாடிப்படியில் யுஸ்ரா கைப்பேசியை முழங்கால்மேல் சாய்த்து வைத்திருக்கிறாள். இங்கே வெயில் சாய்ந்துவிட்டது. திரையில் மஸ்கட்டின் வெயில் இன்னும் வெள்ளையாக எரிகிறது. பதினைந்து வருடம் அவள் வளர்ந்த குடியிருப்பின் கீழே நின்று, தோழி ரிஃபத் மூன்றாம் மாடியைக் காட்டுகிறாள். அத்தாவுக்கு வேலை போய் இவர்கள் ஊர் திரும்பி இரண்டு மாதந்தான் ஆகிறது. அதற்குள் அந்தப் பால்கனியில் யார் வீட்டுக் குழந்தையின் சட்டைகளோ காய்கின்றன. “வேற ஆளுங்க வந்துட்டாங்கடி,” என்கிறாள் ரிஃபத், மெல்ல. தெருவில் ஓர் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே போகிறது. “சொந்த ஊருக்கு வந்துபோட்டு எதுக்குக் கண்ணு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கறே?” என்று தினமும் கேட்கும் அம்மா ஜன்னத், மாவுக் கையோடு படியேறி வருகிறாள். யுஸ்ரா திரையை மறைக்கப் பார்க்கிறாள். அம்மா அதற்குள் பார்த்துவிடுகிறாள். குனிந்தவள் நிமிரவில்லை. “இன்னுங் கொஞ்சம் மேல காட்டச் சொல்லு கண்ணு. நம்ம சமையக்கட்டு ஜன்னல் தெரியுதான்னு பாக்கறேன்.” குரல் பாதியில் உடைகிறது. இரண்டு மாதமாக அம்மாவோடு முகங்கொடுத்துப் பேசாத யுஸ்ரா, சுவரோரம் நகர்ந்து படியில் இடம் விடுகிறாள்.