மூன்றுக்கு ஒன்று

தன் கையாலேயே பட்டாணி விதை கொடுத்து, நெட்டைச் செடி எத்தனை, குட்டைச் செடி எத்தனை என்று எண்ணி எழுதச் சொல்லியிருந்தார் உயிரியல் பேராசிரியர். நாற்பது மாணவர்களில் முப்பத்தொன்பது பேர் பாடப்புத்தகத்தில் உள்ளபடியே, இம்மி பிசகாமல், மூன்றுக்கு ஒன்று என்று எழுதியிருந்தார்கள். மகிழ்ச்சியில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருத்தி மட்டும், 'எதுவும் முளைக்கவில்லை' என்று எழுதியிருந்தாள்.

"தண்ணி ஊத்தினியா?"

"தினமும் ஊத்தினேன் சார்."

"பொய் வேறயா?" முட்டை போட்டு நோட்டை விட்டெறிந்தார்.

பீரோவை ஒழித்துக்கொண்டிருந்த லேப் அட்டெண்டர் ஒரு பொட்டலத்தோடு வந்தார்.

"சார், விதை பிரிக்காம இங்கேயே இருக்கு. பிள்ளைங்களுக்கு நீங்க கொடுத்தது, நான் தின்னுட்டேன்னு என்னை வாங்கு வாங்குன்னு வாங்கினீங்களே, அந்த வறுத்த பட்டாணி!"